டிஸ்க் மலிவுதான், அதற்காக ஜிப்பை நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சிஸ்டம் அட்மின் என்று பெயர். பிரிண்டர் மாட்டுவதிலிருந்து எல்லாம் நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர், தினமும் இரவு சர்வரில் இருப்பதையெல்லாம் 7-ஜிப் என்கிற சுருக்கும் மென்பொருளில், மிக அதிகமாகச் சுருக்குகிற ‘அல்ட்ரா’ தேர்வை வைத்துச் சுருக்கி பேக்கப் எடுக்கும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் காலையில் கடை திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பில் போடுகிறவர்கள் ‘சர்வர் ஸ்லோ’ என்று திட்டுகிறார்கள். முதலாளி 8 டிபி டிஸ்க் இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, “டிஸ்க்தான் இவ்வளவு மலிவாக் கிடைக்குதே, இந்த ஜிப் வேலையெல்லாம் எதுக்கு? அப்படியே காப்பி பண்ணு” என்கிறார். டேட்டாபேஸ் பேக்கப் 100 ஜிபி வருகிறது. 30 நாள் பேக்கப் வைத்திருக்கிறோம். அது போக ஸ்கேன் செய்த பில்கள், எக்செல், சிசிடிவி பதிவுகள். கிளவுடுக்கும் ஒரு காப்பி போகிறது. முதலாளி சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது, ஆனாலும் தயக்கம். இந்தக் காலத்திலும் ஃபைலைச் சுருக்குவதால் பயன் உண்டா சார்?
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

உங்கள் முதலாளி சொல்வதில் பாதி சரி.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் 40 ஜிபி டிஸ்க் இருந்தாலே பெரிய மெஷின். அப்போது ஃபைலைச் சுருக்க ஒரே காரணம்தான், இடம் போதாது. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் அடங்க வேண்டும், அப்புறம் 700 எம்பி சிடியில் அடங்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், கண்ணில் பட்டதையெல்லாம் ஜிப் செய்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்களுக்கு முன்னால் இருந்தவரும் அப்படி ஒருவராக இருப்பார். இன்றைக்கு 8 டிபி டிஸ்க் ஒன்று நல்ல செல்போன் விலைக்குக் கிடைக்கிறது. இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நானும் முதலாளி பக்கம்தான்.

ஆனால் டிஸ்க்குக்குக் கொடுக்கிற விலை, டேட்டா ஒரே இடத்தில் சும்மா கிடப்பதற்கான விலை. உங்கள் 100 ஜிபி சும்மா கிடப்பதில்லை. ராத்திரியானால் சர்வர் டிஸ்க்கிலிருந்து கிளம்பி பேக்கப் டிஸ்க்குக்குப் போகிறது, அங்கிருந்து இரண்டாவது டிஸ்க்குக்கு, அப்புறம் பிராட்பேண்ட் வழியாக கிளவுடுக்கு. என்றைக்காவது சர்வர் படுத்துவிட்டால் வந்த வழியே அவ்வளவும் திரும்பி வர வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கான செலவு டிஸ்க் பில்லில் வராது.

டிஸ்க் கணக்கை முதலாளியோடு பேசவே வேண்டாம். 100 ஜிபி, 30 நாள், 3 டிபி; 8 டிபியில் தாராளமாக அடங்கும் என்று அவர் உடனே சொல்லிவிடுவார். லைன் கணக்கைப் பேசுங்கள். உங்கள் பிராட்பேண்டில் அப்லோட் வேகம் 50 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு ஆறேகால் எம்பி. 100 ஜிபி ஏறி முடிய 16,000 நொடி, கிட்டத்தட்ட நாலரை மணி நேரம், அதுவும் நடுவில் ஒரு தடவைகூட லைன் அறாமல் இருந்தால். அதே பேக்கப் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் 53 நிமிடம். நடுராத்திரி மின்சாரம் போய் மோடம் அணைந்து வந்தாலும் திரும்ப முதலிலிருந்து ஏற்றி, விடிவதற்குள் முடித்துவிடலாம்.

கிளவுடில் டிஸ்க்கை வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். அமேசானின் எஸ்3 சேவையில் அமெரிக்க வட்டாரத்துப் பட்டியல் விலை ஜிபிக்கு மாதம் 2.3 சென்ட், அதையே வெளியே எடுக்க ஜிபிக்கு 9 சென்ட், அதாவது வைத்திருப்பதைப் போல நாலு மடங்கு. நீங்கள் வைத்திருப்பது வேறு நிறுவனமாக இருக்கலாம், விலையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இந்தக் கணக்கில் 30 நாள் பேக்கப்பும் அங்கே இருந்தால் மாதம் 69 டாலர், சுருக்கினால் 14 டாலருக்குள். மாதா மாதம் வருகிற பில் என்றால் முதலாளிகள் காது கொடுத்துக் கேட்பார்கள், இது என் அனுபவம்.

திரும்பி வரும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்வர் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் பத்திரமாக இருந்தது, வெளி டிஸ்க்கில், சுருக்காமல், 400 ஜிபி. அவசரத்துக்குக் கிடைத்த பழைய மெஷினில் யூஎஸ்பி 2 மட்டும்தான். நொடிக்கு 30 எம்பி வந்தது. ரீஸ்டோர் தொடங்கக்கூட இல்லை, ஃபைல் உள்ளே வந்து சேரவே மூன்றே முக்கால் மணி நேரம். மேனேஜர் எனக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பச்சைப் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று நான் எண்ணிய வரை பதினொரு தடவை கேட்டார். ஐந்தில் ஒன்றாகச் சுருங்கி இருந்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

“சுருக்கவே நேரம் பிடிக்கிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?” என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் உங்கள் சர்வர் விடிய விடிய ஓடுவதற்குக் காரணம் சுருக்குவது இல்லை. அல்ட்ரா வைத்ததும், சுருங்காததைப் போட்டுச் சுருக்கச் சொன்னதும்தான்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரை கொடுக்கும். எல்இசட்4, இசட்-ஸ்டாண்டர்ட் போன்ற இன்றைய முறைகள் பிராசஸரின் ஒரே ஒரு கோரில் நொடிக்குச் சில நூறு எம்பியைச் சுருக்கிவிடும். விரிப்பது அதைவிட வேகம். இரண்டையும் எழுதியவர் ஒருவரே, யான் கொலே என்கிற பிரெஞ்சுக்காரர். முதலாவது 2011-இல் வந்தது, அடுத்தது 2016-இல் ஃபேஸ்புக் வழியாக வெளியானது. இந்த வேகத்தில் பிராசஸர்தான் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நாலில் ஒன்றாகச் சுருங்கிய ஃபைலை 150 எம்பி வேகத்து டிஸ்க்கிலிருந்து படித்தால், உங்கள் கைக்கு நொடிக்கு 600 எம்பி டேட்டா வந்து சேருகிறது. டிஸ்க்கை மாற்றாமலே நாலு மடங்கு வேகம். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மாதிரியான ஃபைல் சிஸ்டம்களில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) சுருக்கும் வசதியை உள்ளேயே வைத்திருப்பது இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

7-ஜிப்பின் அல்ட்ரா வேறு ரகம். அது முன்னால் வந்த பல பத்து எம்பியை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் எங்காவது ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று சலித்துத் தேடும். எத்தனையோ மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு, மேலும் கொஞ்சம் சுருக்கித் தரும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து அலமாரியில் வைக்கிற காப்பி என்றால் சரி. தினசரி பேக்கப்புக்கு அது வேண்டாத வேலை.

எது சுருங்கும், எது சுருங்காது என்பதற்கு வருகிறேன். உங்கள் டேட்டாபேஸிலேயே பாருங்கள். ஒரே பார்ட்டியின் பெயர் வருடத்தில் ஆயிரம் பில்லில் வரும். அதோடு அவருடைய 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணும் ஆயிரம் தடவை வரும். தமிழ்நாட்டு பார்ட்டிகள் எல்லோருக்கும் அது 33-இல்தான் தொடங்கும். ‘காட்டன்’, ‘மீட்டர்’, ‘5%’, இன்றைய தேதி என்று வரிக்கு வரி அதே சங்கதி. இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இருவர் 1977-இல் சொன்ன யோசனை ரொம்ப எளிது: திரும்ப வருவதைத் திரும்ப எழுதாதே, “412 எழுத்துக்கு முன்னால் போ, அங்கிருந்து 60 எழுத்தை எடுத்துக்கொள்” என்று மட்டும் குறித்து வை. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1952-இல், டேவிட் ஹஃப்மன் இன்னொரு வழியைச் சொல்லியிருந்தார். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளமான குறியீடு. எம்ஐடியில் மாணவராக இருந்தபோது, பரீட்சைக்குப் பதிலாக எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்ட கட்டுரைக்காக அவர் கண்டுபிடித்தது அது. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் நாம் இன்றைக்கும் பயன்படுத்துகிற ஜிப்.

நம் எழுத்துக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. பார்ட்டி பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் கவனியுங்கள். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். டிஸ்க்கில் அது இப்படிக் கிடக்கும்:

224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141

ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் மாறவே இல்லை. இரண்டாவது எண் 174 அல்லது 175, தமிழில் இந்த இரண்டைத் தவிர வேறு வராது. விஷயம் முழுக்க மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. சுருக்கும் நிரல் இந்த 224-174 பல்லவியைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டு, அதற்கென்று இடமே கொடுக்காத அளவுக்குக் குறைத்துவிடும். தமிழ் உரை ஃபைலைச் சும்மா ஜிப் செய்தாலே நாலில் ஒன்றாக, சில சமயம் அதற்கும் கீழே போவது இதனால்தான். யூனிகோடில் எழுதுவதால் நாம் கொடுக்கிற மூன்று மடங்கு வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுருங்காதவை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஏதாவது எக்செல் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை அழித்துவிட்டு ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே ஃபோல்டர்களும் எக்ஸ்எம்எல் ஃபைல்களும் வரிசையாக இருக்கும். ஆபீஸ் 2007-இலிருந்து எக்செல், வேர்டு ஃபைல் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். அதை இன்னொரு தடவை ஜிப் செய்வது, கட்டிய பார்சலுக்கு மேல் இன்னொரு பை போடுவது. ஜேபெக் படமும் அப்படித்தான், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தால் பெரிது. சிசிடிவி ரெக்கார்டர் படமெடுக்கும்போதே எச்.264, எச்.265 என்கிற வீடியோ சுருக்க முறைகளில் சக்கையாகப் பிழிந்துதான் எழுதுகிறது. உங்கள் சர்வர் ராத்திரி முழுக்க அந்தச் சக்கையைத்தான் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருக்கிறது. அதனால் சிசிடிவி, படங்கள், பிடிஎஃப், எக்செல் எல்லாவற்றையும் ஜிப் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, முதலாளி சொன்ன மாதிரி அப்படியே காப்பி செய்யுங்கள். அதிலும் அன்றைக்குப் புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் காப்பி செய்தால் போதும்.

டேட்டாபேஸுக்கு 7-ஜிப்பே தேவைப்படாது. உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் என்றால் பேக்கப் எடுக்கும் இடத்திலேயே சுருக்கும் தேர்வு இருக்கிறது. 2008 ஆர்2-விலிருந்து ஸ்டாண்டர்ட் பதிப்பிலும் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்றால் பேக்கப் எடுக்கும் அதன் டம்ப் கருவியில் ‘கஸ்டம்’ வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், அது தானாகவே சுருக்கித்தான் எழுதும். வேறு ஏதாவது என்றால் 7-ஜிப்பிலேயே அல்ட்ராவுக்குப் பதில் ‘ஃபாஸ்டஸ்ட்’ வைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு ஜிபி என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேலே ஐந்தில் ஒன்று என்று சொன்னது ஒரு கணக்குக்கு. உங்கள் டேட்டா எவ்வளவு சுருங்கும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

பேக்கப்பை கிளவுடுக்கு அனுப்பும் முன் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்கிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் சுருக்கு, அப்புறம் பூட்டு. பூட்டிய டேட்டாவில் திரும்ப வருவது என்று ஒன்றுமே இருக்காது, ஒரு பைட்கூடக் குறையாது.

ஸ்கேன் செய்த பில்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. இதுவரை பேசியது, விரித்தால் ஒரு பைட்கூட மாறாமல் திரும்பி வருகிற சுருக்கம். ஸ்கேனர் செய்வது பெரும்பாலும் வேறு வகை. கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய ஆதார் காப்பி மங்கலாகப் போய்ச் சேருமே, அந்த வகை. அங்கேயாவது மங்கல் என்று கண்ணுக்குத் தெரிகிறது. 2013-இல் டேவிட் க்ரீசெல் என்கிற ஜெர்மானியர், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் மெஷினில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தைப் பார்த்தார். மூன்று அறைகளுக்கும் ஒரே பரப்பளவு, 14.13 சதுர மீட்டர். மூலத் தாளில் மற்ற இரண்டு அறைகள் 21.11, 17.42 என்று இருந்தன. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒரே மாதிரி தெரிகிற சின்னத் துண்டுகளை ஒன்று என்று முடிவுகட்டி, ஒன்றின் படத்தையே எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டது. மற்ற தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. எழுத்து பளிச்சென்று அழகாக இருக்கும், எண் மட்டும் தப்பு. பில் தொகையில் இது நடந்தால் ஆடிட்டர் முன்னால் நாம்தான் முழிக்க வேண்டும். ஜெராக்ஸ் பிறகு அதற்குத் திருத்தம் வெளியிட்டது. உங்கள் ஸ்கேனர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், ‘ஸ்மால் ஃபைல்’, ‘ஹை கம்ப்ரஷன்’ என்று ஏதாவது தேர்வு போட்டிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். இந்த இடத்தில் மட்டும் முதலாளியின் வாதத்தை நானே அவரைவிடச் சத்தமாகச் சொல்வேன்: டிஸ்க் மலிவு, படம் பெரிதாகவே இருக்கட்டும்.

சுருக்கியதில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. சாதாரண உரை ஃபைலில் நடுவில் நாலு பைட் கெட்டால் நாலு எழுத்து போகும். சுருக்கிய ஃபைலில் ஒவ்வொரு துண்டும் முன்னால் வந்ததை நம்பியே நிற்கிறது. ஓர் இடத்தில் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பெரும்பாலும் போச்சு.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் இரவு பேக்கப்புக்கு, தானாக ஓடுகிற சின்ன நிரல் ஒன்றை, ஸ்கிரிப்ட் என்போமே, எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் வளர்ந்தது, பேக்கப் டிஸ்க் நிறைந்தது. ஒவ்வொரு ராத்திரியும் பழைய ஃபைல் ஒன்றை அழித்துவிட்டு, கிடைத்த இடத்தில் புதியதை எழுதத் தொடங்கி, இடம் போதாமல் பாதியில் நின்றிருக்கிறது. பிழை வந்ததா என்று பார்க்கும் ஒரு வரி ஸ்கிரிப்டில் இருந்திருக்க வேண்டும், நான் போடவில்லை. காலையில் வந்து பார்க்கிறவர்களுக்கு இன்றைய தேதியில் ஃபைல் இருந்தது, அளவும் பெரிதாகத்தான் இருந்தது. எல்லாம் ஒழுங்கு என்று டிக் அடித்துக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்ட நாளில் விரித்தால், எதிர்பாராமல் ஃபைல் முடிந்துவிட்டது என்று ஒரு வரி. அடுத்ததை எடுத்தால் அதுவும் அதே. வைத்திருந்த எல்லாமே அப்படித்தான். யாரோ ஒரு பெண் ஊழியர் மாதக் கணக்கு முடிக்க என்று தன் மெஷினில் எடுத்து வைத்திருந்த பழைய காப்பி ஒன்று கிடைத்ததால் மானம் தப்பியது. ஐந்து வார பில்களைக் கையால் ஏற்றினோம். நானும் கூட உட்கார்ந்து ஏற்றினேன்.

அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு நிமிட வேலை போதும் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஜிப், 7-ஜிப், ஜிஜிப் எல்லாவற்றிலும் ஃபைலுக்குள்ளேயே சரிபார்ப்பு எண் இருக்கிறது. 7-ஜிப்பில் ‘டெஸ்ட்’ என்றே ஒரு பட்டன் உண்டு. சுருக்காமல் அப்படியே காப்பி செய்த ஃபைலில் இந்த வசதி கிடையாது. கெட்டுப்போனால் கெட்டுப்போனதாகவே அமைதியாக உட்கார்ந்திருக்கும். பேக்கப் முடிந்ததும் இந்தச் சோதனை தானாக ஓடும்படி வையுங்கள், தோற்றால் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை வேறொரு மெஷினில் முழுக்க ரீஸ்டோர் செய்து, நேற்று போட்ட கடைசி பில் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

முதலாளியிடம் போகும்போது ‘கம்ப்ரஷன்’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள். “காலையில் சர்வர் ஸ்லோ ஆகாது, கிளவுட் பில் குறையும், சர்வர் போனால் மத்தியானத்துக்குள் பில் போட ஆரம்பித்துவிடலாம்” என்று சொல்லி அந்தத் தாளைக் காட்டுங்கள். அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு டிஸ்க்கும் வீணில்லை. 30 நாள் வைத்திருந்த இடத்தில் இனி நூறு நாளுக்கு மேலேயே வைக்கலாம்.

அப்புறம் அந்த சிசிடிவி ஃபோல்டர். எந்த வருடத்திலிருந்து சேர்ந்து கிடக்கிறது என்று தேதியைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய கோடவுன் வாசல் காட்சியை வைத்திருக்க வேண்டுமா என்று முதலாளியிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அவர் ‘அழி’ என்று சொன்னால், வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு அழியுங்கள்.